அடுப்புக்கும் ஒரு பாலாலயம்

திருக்கோயில்களில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வது மரபு. மூலவரின் சாந்நித்தியத்தை வேறோரிடத்தில் ஆவாகனம் செய்து எழுந்தருளப் பண்ணிய பிறகே உளி கல்லைத் தொடும். பணி எத்தனை மாதங்கள் நீண்டாலும் நித்திய ஆராதனம் அங்கே நிற்காமல் நடைபெறும்.

திருப்புல்லாணியில் ஆதிஜகந்நாதப் பெருமாள் சன்னிதிக்கு அருகிலுள்ள ஓர் இல்லத்தில் சமையற்கட்டைப் புதுப்பிக்க முடிவு செய்தார்கள். வெளிநாட்டில் பணிபுரியும் மகன் மூன்று வார விடுப்பில் வந்திருந்தார். மேடை, அலமாரி, சுவர் ஓட்டின் நிறம் வரை அனைத்தையும் தாளில் வரைந்து கொத்தனாரிடம் கொடுத்தார். பழைய மேடையை மறுநாள் காலை இடிப்பது என்பதே அதில் முதல் வரி. எழுபது வயதைக் கடந்த அன்னையார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரிடா, பாலாலயம் எங்கே பண்ணப் போறே?" என்றார்.

மகன் சிரித்துவிட்டார். அன்னையார் சிரிக்கவில்லை. மணமாகி அவ்வீட்டுக்கு வந்த நாள் முதல் தளிகை செய்து பெருமாளுக்கு அமுது செய்விக்காமல் அங்கே ஒருவரும் உண்டதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரான தந்தையாருக்கோ நீரிழிவு. பதினைந்து நாள் வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை இருவருக்குமே பொருந்தாது. இடிப்பதற்கு நாள் குறிக்கும் பலர், அன்று மாலை அடுப்பு எங்கே எரியும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே முதல் நாள் கடப்பாரை எடுக்கப்படவில்லை. பின்கட்டுத் தாழ்வாரத்தில் செங்கல் அடுக்கி, அதன்மீது ஒரு கடப்பைக் கல்லைக் கிடத்தி, அடுப்பை வைத்தார்கள். சிலிண்டர் தரையில் நிமிர்ந்து நின்றது. அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரமாக இருக்கவேண்டும் என்பது விதி. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலே போகாமல் தரையை ஒட்டித் தேங்கும். வயதானவர்களுக்கு முகரும் சக்தி குறைந்திருக்கக்கூடும் என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை. கடற்காற்று சுடரை அணைக்காதிருக்க ஒரு பக்கம் மட்டும் தகரம் மறைப்பாக நின்றது. அதன் அடிப்பகுதி திறந்தே இருந்தது. ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அந்த வீட்டுக் குழாய்க்கு அதைவிட வயது அதிகம் என்பது இடமாற்றத்தின்போதுதான் தெரியவந்தது. அன்றே மாற்றினார்கள்.

அடுத்ததாகத் தண்ணீர். இராமநாதபுரம் கடற்கரையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. அந்நீரில் குழைத்த கலவையில் சுவர் வெள்ளையாகப் பூத்து உதிரும். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டையே பிளக்கும். எனவே அங்கே மணலும் சிமெண்டும் இறங்குவதற்கு முன்பாக, கலவைக்கும் அதன்பின் ஊறவைப்பதற்கும் போதுமான நல்ல தண்ணீர் தொட்டியில் நிரம்பியது.

பிறகே இடித்தல். அது அரை நாளில் முடிந்தது. அதற்குப் பின் வரும் வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் மறையப்போகிற வேலை: கழிவுநீர்க் குழாயின் வாட்டம், தண்ணீர்க் குழாய், மின்கம்பி செல்லும் குழாய். எது சுவருக்குள் மறையுமோ அது முதலில் முடியவேண்டும். அதற்கு, எந்தப் பொருள் எங்கே நிற்கும் என்பது முன்னதாகத் தெரியவேண்டும். கொத்தனார் அன்னையாரையே வெற்றறையில் நிற்கச் சொன்னார். அடுப்பு தென்கிழக்கில், கிழக்கு முகமாக. தொட்டி அதற்குச் சற்றுத் தள்ளி. கிரைண்டர், மிக்ஸி, குளிர்சாதனப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் சுவரில் சுண்ணக்கோடு. மேடையின் உயரமும் தாளில் இருந்தபடி அமையவில்லை; குனியாமலும் தோளைத் தூக்காமலும் அவர் கை எட்டிய மட்டத்தில் அமைந்தது. குழாய்களைப் பதித்ததும் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டுவைத்தார்கள். ஒரு மூட்டில் ஈரம் கசிந்தது. பூசிய பிறகு கசிந்திருந்தால் ஓட்டையும் சேர்த்து உடைக்க நேர்ந்திருக்கும்.

மேடைக்குக் கான்கிரீட் போட்ட அன்றுதான் வாக்குவாதம் எழுந்தது. மகனின் தாளில் அதற்கு இரண்டு நாள். சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயாமல் காக்கவேண்டும் என்றார் கொத்தனார். விடுப்போ கரைந்துகொண்டிருந்தது. தந்தையார் வால்மீகி ராமாயணத்தின் யுத்த காண்டத்தை எடுத்துவந்து சேது கட்டிய கணக்கைக் காட்டினார். முதல் நாள் 14 யோசனை, பிறகு 20, 21, 22, 23. ஐந்து நாளில் 100. அத்தனை வானரங்கள் இருந்தும் முதல் நாளில்தான் வேலை மிகக் குறைவு. அதற்கும் முன்னால் ஸ்ரீராமபிரான் மூன்று இரவுகள் தர்ப்பையில் சயனித்துக் காத்திருந்தது இந்த ஊரில்தானே என்றும் சொன்னார். மகன் பதில் பேசவில்லை.

பத்து நாளும் சும்மா போகவில்லை. சுவர்ப் பூச்சும் மின்கம்பி இழுப்பதும் அதற்குள் நடந்தேறின. பிறகு மேடைமீது கிரானைட் கல். அதன்மேல் வந்து உட்காரும்படி சுவர் ஓடு. ஓட்டை முதலில் ஒட்டிவிட்டால் கல்லுக்கும் சுவருக்கும் இடையே தண்ணீர் இறங்கும். தரைக்குப் பளபளப்பில்லாத, ஈரத்தில் வழுக்காத ஓடு. இது அன்னையார் கேட்டதன்று. மகன் தானாகத் தேர்ந்தது. அத்தாளில் மிகச் சிறந்த வரி அதுவே எனலாம்.

அலமாரிக்கும் வரைபட அளவை வைத்தே அவர் சொல்லியனுப்ப இருந்தார். "தம்பி, ஓடு ஒட்டி முடிச்ச பெறகு அளவெடுக்கச் சொல்லுங்க. அரை அங்குலம் மாறினாலும் கதவு இடிக்கும்" என்றார் கொத்தனார். அதனால் அலமாரியைப் பொருத்துவதும் வண்ணத்தின் கடைசிப் பூச்சும் மகன் புறப்பட்ட பிறகே நடந்தன. முடிந்த சமையற்கட்டில் அம்மா நிற்பதைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று வந்தவர், தாழ்வாரத்துத் தளிகையையே உண்டு விமானம் ஏறினார். அவ்வருத்தம் அவர் குரலில் சில நாள் இருந்தது.

புது மேடையில் பால் காய்ச்சிய அன்று பாயசம் செய்தார்கள். தசரதச் சக்கரவர்த்தி பாயசம் பெற்றதாகத் தலவரலாறு கூறும் ஊரில் வேறெது செய்வார்கள்? தாழ்வாரத்துக் கடப்பைக் கல்லை எடுத்துவிடலாமா என்று கொத்தனார் கேட்டதற்கு அன்னையார் வேண்டாம் என்றுவிட்டார். வடாம் பொரிக்க அங்கேதான் காற்று நன்றாக வருகிறதாம்.