லேடாங் மலையும் அக்காள் மகளின் கேள்வியும்

லேடாங் மலை என்றால் ஜொகூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இளவரசிதான். தன்னை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தானிடம் தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், ஏழு தட்டு நிறைய கொசு இதயம் என்று கேட்டவள். தங்காக் வட்டாரத்தில் 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்த மலைக்கு இன்னொரு கதையும் உண்டு. இது நடந்த கதை.

1854-இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற 31 வயது ஆங்கிலேயர் மலாக்காவிலிருந்து வந்து அந்த மலையில் ஏறினார். பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து விற்றுப் பிழைத்தவர். வழியில் தண்ணீர் கிடைக்காமல், குடுவைச் செடிகளில் பூச்சிகளோடு தேங்கிக் கிடந்த நீரைக் குடித்துத் தாகம் தீர்த்ததாக எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு சரவாக்கில் இருந்தபோது, புதிய உயிரினம் ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருந்த நெருங்கிய இனத்தை ஒட்டியே தோன்றுகிறது என்று கட்டுரை எழுதினார். 1858-இல் காய்ச்சலோடு படுத்திருந்தபோது ‘இயற்கைத் தேர்வு’ அவருக்குப் பிடிபட்டது. டார்வினுக்கு எழுதி அனுப்பினார். அவ்வாண்டு ஜூலை 1-ஆம் தேதி இருவரின் எழுத்தும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் அக்காள் மகள். படிவம் நான்கு மாணவி. ஞாயிறுதோறும் தேவார வகுப்புக்குப் போகிறவள். ஓர் ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மனுஷன் கொஞ்சம் கொஞ்சமா மாறி வந்தவன்னா, சாமி படைச்சாருன்னு சொல்றது பொய்யா சித்தி?”

வீட்டில் உடனே இரண்டு பதில்கள் வந்தன. “இப்படிப் பேசினா சாமி கண்ணைக் குத்தும்” என்றார் பாட்டி. “இதையெல்லாம் நம்ம முன்னோர் அப்பவே சொல்லிட்டாங்க. மீன், ஆமை, பன்றி, அப்புறம் மனுஷன். தசாவதாரத்தைப் பாரு, சிவபுராணத்தைப் பாரு” என்றார் மாமா. அவள் பேசாமல் எழுந்து போனாள். அடுத்த இரண்டு ஞாயிறும் வகுப்புக்குப் போகவில்லை. வானொலியில் வேலை பார்க்கிறவளுக்கு மௌனம்தான் பெரிய பயம். அந்த மௌனம் எனக்கு உறுத்தியது.

முதல் பதில் கேள்வியை மிரட்டுகிறது. இரண்டாவது இனிக்கப் பேசி மூடுகிறது. சிவபுராணத்தில் ஓர் உயிர் புல்லாகவும் புழுவாகவும் மனிதனாகவும் பிறந்து பிறந்து களைத்துப் போகிறது. பரிணாமத்தில் தனி உயிர் எதுவும் இன்னொன்றாக மாறுவதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டம் மாறுகிறது. போய்ச் சேர வேண்டிய இடம் என்று எதுவும் அதற்குக் கிடையாது. மாணிக்கவாசகர் உருகியது இறைவனை நினைத்து. அதை உயிரியல் பாடக்குறிப்பு ஆக்கினால் பாடமும் கிடைக்காது, உருக்கமும் போய்விடும்.

கேள்வியை மூடுவது நம் வீட்டுப் பழக்கம் மட்டுமல்ல. குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லை என்று இந்தியாவில் ஒரு மத்திய இணை அமைச்சர் 2018-இல் மேடையில் பேசினார். இன்றைய குரங்கு மனிதனானது என்று அறிவியல் சொல்லவே இல்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை இருந்தது, சுமார் 60 – 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வழி பிரிந்தது என்பதுதான் செய்தி. 2023-இல் அங்கே என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியே நீக்கப்பட்டது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறது. ஆனால் உயிரியல் எடுக்காத பிள்ளை அதைப் பார்க்காமலே பள்ளியை முடித்துவிடும்.

வாலஸுக்கும் இந்த இழுபறி இருந்தது. மனித மனத்தை இயற்கைத் தேர்வு மட்டும் விளக்கிவிடாது, அதற்குப் பின்னால் மேலான ஓர் அறிவு இருக்கிறது என்று 1869-இல் எழுதினார். டார்வினுக்குப் பெரிய வருத்தம். ஆனால் நட்பு முறியவில்லை. வாலஸ் பணமில்லாமல் தவித்தபோது, 1881-இல் அவருக்கு அரசாங்க உதவித்தொகை கிடைக்க முன்னின்றவர் டார்வின்தான். வாலஸ் 1889-இல் எழுதிய புத்தகத்தின் பெயரே ‘டார்வினிசம்’.

இதைத்தான் அக்காள் மகளிடம் சொன்னேன். வாலஸ் கடைசியில் சொன்னதை உயிரியலாளர்கள் ஏற்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. “நீங்க என்ன நம்புறீங்க?” என்று கேட்டாள். நான் தினமும் திருநீறு பூசுகிறவள். அந்த 60 லட்சம் ஆண்டுகளையும் ஏற்கிறேன். இரண்டும் உரசும் இடமும் உண்டு. பிழைக்கும் ஒரு குஞ்சுக்காகப் பத்துக் குஞ்சுகள் சாகும் இயற்கையில், கருணைக்கடல் என்று நாம் பாடும் இறைவன் எங்கே இருக்கிறான்? எனக்கு விடை கிடைக்கவில்லை என்று அவளிடமே சொன்னேன்.

பிள்ளைகள் கேட்டால் அதட்டவும் வேண்டாம், எல்லாம் நம்மிடம் இருந்தது என்று பெருமையடிக்கவும் வேண்டாம். “வா, சேர்ந்து படிச்சுப் பார்ப்போம்” என்றால் போதும். கேள்வி கேட்டதற்காக ஒரு பிள்ளை கோயிலையோ அறிவியலையோ விட்டு விலக வேண்டியதில்லை.

அவள் இப்போது மறுபடியும் வகுப்புக்குப் போகிறாள். அதே கேள்வியைத் தேவார ஆசிரியரிடமும் கேட்டிருக்கிறாள். “அடுத்த வாரம் பேசுவோம்மா, நானும் கொஞ்சம் படிக்கணும்” என்றாராம் அவர்.