முதற் கவளம்

எங்கள் மகளுக்கு 6 மாதம் நிறைந்த அன்று, குழையப் பிசைந்த பருப்புச் சோற்றை ஊட்டினோம். நாவால் வெளியே தள்ளினாள். மறுநாளும் அவ்வாறே. அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் வெதும்பினோம்; ஒருநாள் கைகளைப் பிடித்துக்கொண்டு வலிந்து ஊட்டினோம். அதன்பின் கிண்ணத்தைக் கண்டாலே அழுதாள்.

சுகாதார நிலையச் செவிலியர், "பால் உறிஞ்சிப் பழகிய நா அப்படித் தள்ளுவது இயல்பே. ஒரே உணவை 10 முறைக்கு மேலும் தரவேண்டி வரலாம், வற்புறுத்தல் ஆகாது" என்றார். மடியில் நிமிர்த்தி அமர்த்தி, இரண்டு மூன்று சிறு கரண்டி மட்டுமே நீட்டினோம்; முகம் திருப்பினால் நிறுத்தினோம். தாய்ப்பால் தொடர்ந்தது. பன்னிரண்டாம் நாள் அவளே வாய் திறந்தாள். தன் பசியை அவள் அறிந்திருந்தாள். பொறுமையைத்தான் நாங்கள் கற்கவேண்டியிருந்தது.