மூச்சு விடுதல்

"மூச்சு விட முடியலையே" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் நாங்கள் அதைச் சரியாகக் கேட்கவில்லை. காற்றுப் போதவில்லை என்றே பொருள் கொண்டோம். சன்னல்களைத் திறந்து வைத்தோம். பனையோலை விசிறியால் வீசினோம். "நல்லா இழுத்து மூச்சு வாங்கும்மா" என்று பிள்ளைகள் நால்வரும் மாறி மாறி அறிவுரை கூறினோம். அவர் இழுக்க இழுக்க இளைப்பு மிகுந்ததேயன்றிக் குறையவில்லை.

2014-ஆம் ஆண்டில் நகரத்து மருத்துவர் ஒருவர் அம்மாவை ஒரு கருவியின் குழாயில் ஊதச் சொன்னார். மொத்தம் எவ்வளவு காற்று வருகிறது என்பதோடு, முதல் நொடியில் எவ்வளவு வருகிறது என்பதையும் கூர்ந்து பார்த்தார். நலமான நெஞ்சு, தான் ஊதி வெளியேற்றும் காற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கை முதல் நொடியிலேயே அனுப்பிவிடுமாம். அம்மாவால் பாதிகூட இயலவில்லை. "காற்று உள்ளே போய்விடுகிறது; போனதுதான் வெளியே வர மறுக்கிறது" என்றார் மருத்துவர். அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மையாயிற்று. மூச்சு வாங்க முடியவில்லை என்று அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. விட முடியவில்லை என்றுதான் சொன்னார்.

அன்று மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டியது இன்னும் கண்முன் நிற்கிறது. தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழல். அது மடங்கிவிடாதபடி லாட வடிவக் குருத்தெலும்புகள். அது இரண்டாகி, இரண்டு நான்காகி, ஏறத்தாழ 23 முறை கிளைத்து, தலைகீழாக நிற்கும் மரம்போலப் பரவி, முப்பது கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகளில் முடிகிறது. காற்றை உள்ளே இழுக்க உதரவிதானம் என்னும் தசை கீழிறங்கி உழைக்க வேண்டும். ஓய்வாக இருக்கும் வேளையில் வெளிமூச்சுக்கோ உழைப்பே வேண்டாம். இழுத்துவிட்ட ரப்பர் போல நுரையீரல் தானே சுருங்கிக் காற்றை அனுப்பிவிடும். கடைசிச் சிறு கிளைகளில் குருத்தெலும்பு இல்லை. சுற்றியுள்ள நுண்ணறைச் சுவர்களின் மீள்நார்கள், கூடாரத்தைக் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதுபோல, அவற்றைத் திறந்து வைத்திருக்கின்றன. கயிறுகள் அறுந்துவிட்டால், காற்றை வெளியே தள்ள நெஞ்சு அமுக்கும் அந்த அமுக்கத்திலேயே குழல்கள் ஒட்டிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளே சிறைப்படுகிறது; புதியது வந்து தங்க இடமில்லை.

பாரிசில் 1816-இல் தாளைச் சுருட்டிக் குழலாக்கி நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்டாரே லென்னெக், அவர் இந்நோயையும் கண்டு எழுதியவர். நல்ல நுரையீரல், இறந்தவரின் நெஞ்சைத் திறந்ததும் சுருங்கிவிடும். இந்நோயுற்றதோ சுருங்காமல் நெஞ்சறை முழுவதையும் நிறைத்து நிற்கும். சாவிலும் விடாத மூச்சு என்று அதைப் படித்தபோது எங்களுக்குத் தோன்றியது.

கயிறுகளை அறுத்தது எது? அம்மா பீடி சுருட்டைத் தொட்டவரல்லர். ஆனால் 1958-இல் மணமாகி வந்தது முதல் 1996-இல் எரிவாயு அடுப்பு வரும்வரை, சன்னலில்லாத அடுப்படியில், உடைமர விறகையும் பனைமட்டையையும் எரித்துச் சமைத்தார். மழைக்காலத்தில் விறகு நனைந்திருந்தால் இரும்பு ஊதுகுழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டேயிருப்பார். ஊதி முடித்தவர் அடுத்த மூச்சை எங்கிருந்து எடுப்பார்? அந்தப் புகையிலிருந்துதானே! புகையின் மிக நுண்ணிய துகள்கள் நுண்ணறை வரை சென்று தங்கிவிடுகின்றன. அவற்றை எதிர்க்க ஓடிவரும் வெள்ளணுக்கள் கக்கும் நொதிகள் துகளோடு நிற்பதில்லை, மீள்நார்களையும் அரித்துவிடுகின்றன. அப்படி அறுந்தது மீண்டும் முளைக்காது.

நெஞ்சுக்கு இருப்பு அதிகம். ஆகவே சேதம் வெளியே தெரியப் பல்லாண்டுகள் ஆகும் என்பார்கள். எங்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கலாம். மாலையில் செபமாலையை முன்னின்று சொல்பவர் அம்மாதான். மங்கள வார்த்தை செபத்தின் முன்பாதியை ஒரே மூச்சில் சொல்லி வந்தவர், இரண்டு மூச்சில் சொல்லலானார். பிறகு அந்தப் பணியைத் தங்கையிடம் விட்டுவிட்டுச் சுவரோரம் சாய்ந்துகொண்டார். வயதாகிறது என்று எண்ணினோம். பக்கத்து ஊரில் பார்த்தபோது 'இழுப்பு' என்றார்கள், குளிர்ச்சி ஆகாதென்றார்கள். தயிரை நிறுத்தினோம். வாழைப்பழத்தை நிறுத்தினோம். வெந்நீர் வைக்க மட்டும் கொல்லையில் விறகடுப்பு எரிந்துகொண்டேயிருந்தது. அதன் முன் அம்மாவே உட்கார்ந்திருந்தார். எரிவாயு வந்த பின்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அது எரிந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

நோயை அறிந்தபின் ஐந்து ஆண்டுகள் அவர் எங்களோடு இருந்தார். உறிஞ்சும் மருந்து ஓரளவு துணைசெய்தது. அதைவிடப் பெரிய துணையை அவர் தாமாகவே கண்டுபிடித்திருந்தார். இளைப்பு மிகும்போது திண்ணையில் முன்சாய்ந்து அமர்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றி, உதடுகளைக் குவித்து மெல்ல மெல்ல ஊதுவார். அதுவே சரியான முறை என்றார் மருத்துவர். உதட்டில் தடை இருந்தால் குழல்களுக்குள் அழுத்தம் நிலைக்கும், அவை ஒட்டிக்கொள்ளா, காற்று வெளியேற வழி கிடைக்கும். மூச்சை வாங்குவதைப் போல இருமடங்கு நேரம் எடுத்து விட வேண்டும்.

"இதை யார் சொல்லிக் குடுத்தாங்கம்மா?" என்று ஒருநாள் கேட்டோம்.

"யார் சொல்லணும்? அடுப்பு ஊதுன பழக்கந்தான்" என்று சிரித்தார். சிரிப்பு இளைப்பைக் கொண்டுவந்துவிட்டது. "மெதுவா விடும்மா" என்று சொல்லி, அது வெளியே போகும்வரை அருகில் அமர்ந்திருந்தோம்.