எந்தக் கோலால் அளப்பது?

கூடைப்பந்து ஆட்டத்தை நெடுநாளாக விரும்பிப் பார்த்துவரும் நம்மைப் போன்றவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. எல்லாக் காலத்திலும் பெரிய வீரர் யார் என்பதே அது. மைக்கேல் ஜோர்டானா, லெப்ரான் ஜேம்ஸா என்று இளையவர்கள் தொடங்குகின்றனர். மூத்தவர்களோ வில்ட் சேம்பர்லினையும் பில் ரசலையும் கொண்டுவந்து நிறுத்துகின்றனர். குரல் உயர்கிறது, எண்கள் அம்புகளாய்ப் பறக்கின்றன, ஈற்றில் ஒருவர் கருத்தை ஒருவர் ஏற்காமலே கலைந்து செல்கிறோம். இத்துணை ஆவேசத்துடன் நாம் வாதிடுவது எதைக் காப்பதற்காக? சற்றே எண்ணிப் பார்ப்போம்.

முதலில் ஆட்டத்தையே நோக்குவோம். 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் 13 விதிகளை எழுதி, பீச் பழக்கூடைகளை உயரே மாட்டி இவ்விளையாட்டைத் தொடங்கினார். அந்த விதிகள் அன்று எழுதியபடியே நிலைத்துவிடவில்லை. ஜார்ஜ் மைக்கன் என்ற நெடிய வீரர் வளையத்தருகே நின்று எளிதாகப் புள்ளிகளைக் குவித்தபோது, தாக்கும் அணியினர் நீண்ட நேரம் நிற்கக் கூடாத பகுதியின் அகலத்தை 1951இல் 6 அடியிலிருந்து 12 அடியாக்கினர். 1950இல் ஓர் ஆட்டம் 19க்கு 18 என்ற கணக்கில் முடிந்தது. ஓர் அணி பந்தை விடாமல் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்த அன்றைய விதி இடம் தந்ததே காரணம். அந்தச் சலிப்பைப் போக்க, 24 நொடிகளுக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954இல் வந்தது. சேம்பர்லினின் காலத்தில், 1964இல், அந்தத் தடைப்பகுதி 16 அடியாக விரிந்தது. மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ. களத்தில் வரையப்பட்டதோ 1979இல்தான்.

ஆகவே, ஒரே பெயரால் நாம் அழைப்பினும், மைக்கன் ஆடியதும் ஸ்டீபன் கரி ஆடுவதும் ஒரே ஆட்டம் அன்று. கரீம் அப்துல் ஜபார் தம் வாழ்நாளில் 38,387 புள்ளிகள் எடுத்தார். அவற்றுள் மூன்று புள்ளி எறிதலால் கிடைத்தது ஒரே ஒரு முறைதான். 2023 பிப்ரவரியில் அவரை முந்திய லெப்ரான் ஜேம்ஸ், அத்தகைய எறிதல்களால் ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்தவர். இருவருள் எவர் பெரியவர் என்பதை அந்தக் கூட்டுத்தொகை மட்டும் எப்படிச் சொல்லும்?

எண்ணப்பட்டவை இப்படியென்றால், எண்ணப்படாதவை எத்தனை! எதிரணியினர் எறியும் பந்தை வளையத்தை அடையுமுன் தட்டித் தடுப்பதில் இணையற்றவர் பில் ரசல். 13 பருவங்களில் 11 முறை பாஸ்டன் அணி வாகை சூடியதற்கு அவருடைய தடுப்பே தூணாக நின்றது. ஆயினும் அவ்வாறு தடுத்தவற்றை என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியது 1973இல்தான். அவரோ 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய தலையாய ஆற்றலுக்குக் கணக்கேட்டில் ஒரு வரிகூட இல்லை.

1961–62 பருவம் இதற்கு நல்ல சான்று. அவ்வாண்டு சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளிகள் எடுத்தார். 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷி நகரில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்தார். ஆனால் அவ்வாண்டின் மிகச் சிறந்த வீரர் விருது, சராசரியில் 20 புள்ளிகளைக்கூட எட்டாத ரசலுக்குச் சென்றது. அந்நாளில் அவ்விருதுக்கு வாக்களித்தவர்கள் வீரர்களே! களத்தில் நேருக்கு நேர் நின்று மோதியவர்கள், ஏட்டில் இல்லாத ஒன்றைத் தம் கண்ணால் கண்டிருந்தனர் போலும்.

களத்துக்கு வெளியே தாங்கிய சுமையையும் எந்த எண்ணும் சொல்வதில்லை. 1961 அக்டோபரில் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகருக்கு ஒரு காட்சி ஆட்டத்துக்காகச் சென்றபோது, தங்கியிருந்த விடுதியிலேயே கறுப்பின வீரர்களுக்கு உணவு மறுக்கப்பட்டது. ரசலும் அணியின் மற்றக் கறுப்பின வீரர்களும் ஆட மறுத்து ஊர் திரும்பினர். உணவு மறுக்கப்பட்ட ஊரிலும் ஆடி மகிழ்விக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட ஒருவரை, அத்தகைய இழிவைச் சந்திக்க நேராத ஒருவரோடு எந்தத் தராசில் நிறுப்பது?

எனினும் பழையவர்களே பெரியவர்கள் என்று சாதிப்பதும் நீதியாகாது. 1960களின் தொடக்கத்தில் அணிகள் பத்துக்கும் குறைவு, இன்று 30. அன்று அமெரிக்க வீரர்களே நிறைந்திருந்தனர். இன்றோ உலகமே வாயிலில் நிற்கிறது. கிரேக்கம், செர்பியா, கேமரூன், கனடா ஆகிய நாடுகளில் பிறந்தவர்களே 2019 முதல் 2025 வரை அதே விருதைப் பெற்றுவந்தனர். ‘இன்றைய பிள்ளைகள் மென்மையானவர்கள்’ என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது அவர்களின் உழைப்பைக் காண மறுப்பதாகும்.

பிறர் செய்யும் ஒப்பீடு ஒப்பிடப்படுகிறவர்களை என்ன செய்கிறது? இக்கேள்வியை நாம் கேட்பதே இல்லை. ரசலும் சேம்பர்லினும் களத்தில் எதிரிகள், வெளியே நண்பர்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் விருந்துண்டவர்கள். 1969 இறுதிப்போட்டியின் கடைசி ஆட்டத்தில் முழங்கால் காயத்தால் சேம்பர்லின் வெளியேறினார். அதை ரசல் பின்னர் வெளிப்படையாகக் குறைகூறினார். நட்பு முறிந்தது, இருபது ஆண்டுகளுக்கு மேல் பேச்சில்லை. பின்னர் ரசல் மன்னிப்புக் கேட்டார், உறவு மலர்ந்தது. 1999இல் சேம்பர்லின் மறைந்தபோது நினைவுக்கூட்டத்தில் எழுந்து பேசியவர்களுள் ரசலும் ஒருவர். இவருள் யார் பெரியவர் என்று உலகம் இன்றும் வாதிடுகிறது. அவர்களோ அந்த வழக்கைத் தமக்குள் முடித்துக்கொண்டார்கள்.

இனி நம் கேள்விக்கு வருவோம். நாம் காக்க முயல்வது ஜோர்டானின் புகழையா, ரசலின் புகழையா? இரண்டுமல்ல என்றே தோன்றுகிறது. அவர்கள் ஆடிய நாளில் நாம் இளமையாய் இருந்தோம், வியக்கத் தெரிந்திருந்தோம். அந்த வியப்பு பொய்யென்று எவரும் சொல்லிவிடக் கூடாதே என்ற அச்சம்தான் நம் குரலை உயர்த்துகிறது. அது இயல்பானதே. ஆனால் நம் எதிரே அமர்ந்து வாதிடும் இளைஞனுக்கும் அதே வியப்பு இன்று வாய்த்திருக்கிறது. அதை அவனிடமிருந்து பறிக்க நமக்கு என்ன உரிமை?

ஒப்பிடவே கூடாது என்பதில்லை. தமக்குக் கிடைத்த விதிகளையும், எதிர்நின்றவர்களையும், சுமந்த சுமைகளையும் கொண்டு அவரவர் என்ன செய்தனர் என்று கேட்போம். அடுத்த முறை இளையவர்கள் லெப்ரானைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, ‘அவரிடம் நீ கண்டது என்ன?’ என்று கேட்டுவிட்டு, பதிலை முழுவதும் கேட்போம். பிறகு அவர்களே ரசலைப் பற்றி நம்மிடம் கேட்கக்கூடும்.