திகதியைக் கணினி சொல்லட்டும்

கடந்த வாரம் பழைய மடிக்கணினியில் கிடந்த கோப்புகளைத் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது, 'மலர் 2014' என்ற பெயரில் ஒரு கோப்பு கண்ணிற்பட்டது. திறந்து பார்த்தேன். நீலக் கட்டைகள் இடமிருந்து வலமாகப் படிக்கட்டுகள்போல் இறங்கிச் சென்றன. ஒரு நூல் உருவான கதை அதில் இருக்கிறது. இருபது ஆண்டுகளாக என்னோடு பணியாற்றிய ஒருவரைப் பற்றி நான் அறியாதிருந்த ஒரு விடயமும் இருக்கிறது.

2014ஆம் ஆண்டில் நான் படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தினர் ஆண்டு நிறைவு மலரொன்றைத் தொகுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர். 320 பக்கங்கள். ஓகஸ்ட் 16இல் வெளியீட்டு விழா. மண்டபமும் பதிவாகிவிட்டது. நாள்தோறும் பத்திரிகை வெளியிடுபவனுக்கு ஒரு மலர் எம்மாத்திரம் என்று எண்ணிக்கொண்டேன்.

பத்திரிகைக் காரியாலயத்தில் நாங்கள் வேலையைப் பின்னிருந்து எண்ணிப் பழகியவர்கள். பதுளைக்குச் செல்லும் இரவுத் தபால் புகையிரதத்தில் மலையகப் பிரதிகள் ஏறவேண்டும். அதற்கு எத்தனை மணிக்கு அச்சு ஓடவேண்டும், எத்தனை மணிக்குக் கடைசிப் பக்கம் போகவேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுவோம். மலருக்கும் அதே கணக்கைப் போட்டு, திகதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கட்டடத் துறையில் பொறியியலாளராக இருக்கும் என் மருமகன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் கணினியில் மைக்ரோசொஃப்ட் புரொஜெக்ட் 2010 மென்பொருளை நிறுவித் தந்தான்.

சுவரிலிருந்த திகதிகளை அப்படியே அதில் பதிந்தேன். கட்டைகள் அழகாக வந்தன. மூன்றாம் நாள் ஒரு கட்டுரையாளர், தமது கட்டுரை பத்து நாள் தாமதமாகும் என்றார். திகதியை மாற்றினேன். அந்த ஒரு கட்டை மட்டும் நகர்ந்தது. ஏனையவை இருந்த இடத்திலேயே இருந்தன. கட்டுரை வருமுன்னரே அதை ஒப்புநோக்கி முடித்துவிடும் திட்டமாக அது காட்சியளித்தது.

மருமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மாமா, நீங்கள் திகதியை அடிக்கக்கூடாது. என்ன வேலை, எத்தனை நாள், எதுக்குப் பிறகு எது, ஆர் செய்யினம் எண்டதை மட்டும் சொல்லுங்கோ. திகதியை அது சொல்லும்."

அப்போதுதான் விளங்கியது. அந்த 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் புதிதாகப் பதியும் வேலைகள் யாவும் கைமுறைத் திட்டமிடலிலேயே தொடங்கும். ஒவ்வொரு வேலையின் அருகிலும் ஒரு குண்டூசிக் குறி இருக்கும். குத்திவைத்த இடத்தைவிட்டு அது அசையாது. தெரிவுகள் பகுதியில் 'ஷெடியூல்' என்பதற்குள் சென்று, புதிய வேலைகள் தானியங்கி முறையில் அமையவேண்டும் என மாற்றவேண்டும். ஏற்கெனவே பதிந்தவற்றைத் தெரிவுசெய்து 'ஓட்டோ ஷெடியூல்' பொத்தானை அழுத்தவேண்டும்.

அழுத்தினேன். எல்லாக் கட்டைகளும் பாய்ந்து சென்று முதல் நாளிலேயே குவிந்தன. கட்டுரை எழுதுமுன்னரே புத்தகம் கட்டப்பட்டுவிட்டது! பதறிப்போய் ஏழு வேலைகளுக்குத் திகதிகளை மீண்டும் தட்டினேன். அதுவும் பிழை. தானியங்கி வேலையொன்றின் தொடக்கத் திகதியை நாம் தட்டினால், 'இத்திகதிக்கு முன் தொடங்கலாகாது' என்ற நிபந்தனையாக மென்பொருள் அதை எடுத்துக்கொள்ளும். முந்திய வேலை விரைவாக முடிந்தாலும் அது முன்னே வராது. ஏழு நிபந்தனைகளையும் நீக்கி, 'இயன்றவரை விரைவாக' என்று மாற்றினேன்.

குற்றம் கணினியுடையதன்று. எதற்குப் பின் எது என்பதை நான் சொல்லவேயில்லை. கணினியில் பதித்தல், முதலாம் ஒப்புநோக்கல், திருத்தம், இரண்டாம் ஒப்புநோக்கல், பக்க அமைப்பு, அச்சு, கட்டு என்று ஒன்றை மற்றொன்றோடு இணைத்தேன். கட்டைகள் படிக்கட்டுகளாக அமைந்தன. இப்போது கட்டுரையைப் பத்து நாள் தள்ளினால் அதன் பின்னால் உள்ள யாவும் தள்ளிப்போயின. இந்தக் கணக்கு முறை 1950களின் இறுதியில் அமெரிக்காவில் டுபொண்ட் இரசாயன நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் கணினி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. எந்த வேலை ஒரு நாள் பிந்தினால் முழுப்பணியும் ஒரு நாள் பிந்துமோ, அந்த வேலைகளின் தொடரை அது காட்டித் தரும்.

அந்தத் தொடரில் பிரமுகர்களின் வாழ்த்துச் செய்திகள் இருந்ததைக் கண்டு சிரித்தேன். வாழ்த்துச் செய்தி காலத்தோடு வந்த வரலாறு கிடையாது. முன்பக்கங்களுக்கு ரோமன் எண்களை இட்டுத் தனியாகப் பிரித்துவிட்டேன். ஓர் அமைச்சரின் வாழ்த்துக்காக 300 பக்கங்கள் காத்திருக்கவேண்டிய நிலை அத்துடன் ஒழிந்தது.

அடுத்தது நாட்காட்டி. மென்பொருள் தானாகக் கொண்டிருப்பது சனி, ஞாயிறு விடுமுறையும் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையும் மட்டுமே. நமது போயா தினங்களை அது அறியாது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும் அச்சகத் தொழிலாளர் ஒரு வாரம் கழித்தே திரும்புவர் என்பதையும் அறியாது. இவற்றையெல்லாம் விதிவிலக்குகளாகப் பதிந்தேன். ஓகஸ்ட் 8ஐ இறுதிக் கெடுவாகக் குறித்தேன். கெடு என்பது எதையும் பூட்டிவைக்காது. மீறினால் சிவப்புக் குறி காட்டும், அவ்வளவே. வேலைகள் யாவும் சரியாக ஓகஸ்ட் 8இல் முடிந்தன.

இதன்பின் ஆட்களுக்கான பகுதி. அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனி நாட்காட்டி உண்டு. தட்டெழுத்துப் பிள்ளைக்கு, பக்க வடிவமைப்பாளருக்கு என்று நிரப்பிக்கொண்டு வந்து, ஒப்புநோக்காளரின் பெயருக்கு வந்தேன். அவர் ஈய எழுத்துக் காலத்து மனிதர். எழுபதை நெருங்கியிருந்தார். பத்திரிகையிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் வாரமலரின் படிகளை வீட்டுக்கு அனுப்பினால் மறுநாள் திருத்தி அனுப்பிவிடுவார். நாளுக்கு 20 பக்கம். ஒரு தடவை வாசிக்க 16 நாள், இரு தடவைக்கு 32 நாள், ஆக ஆறரை வாரம் என்று கணக்கிட்டிருந்தேன். அவர் வேலை செய்யாத நாட்கள் எவை என்று கட்டம் கேட்டது. எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் கேட்டேன்.

சற்று நேரம் மௌனமாக இருந்தார்.

"செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும், தம்பி. ரத்தம் சுத்திகரிக்கிறது. எட்டு மாதமாச்சு."

"அந்த நாட்களிலை நான் அனுப்பின படிகளை என்ன செய்தனீங்கள், அண்ணை?"

"கட்டிலிலை கிடந்துதான் வாசிச்சனான். ஒரு கை சும்மாதானே கிடக்குது."

என்னால் உடனே பேச முடியவில்லை. சொன்னால் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவேன் என்று அஞ்சியிருக்கிறார். அவர் அப்படி அஞ்சியதில் நியாயமும் இருந்தது. இருபது ஆண்டுகளில் எத்தனையோ இரவுகள் 'நாளைக் காலை வேண்டும்' என்று படிகளை அனுப்பியிருக்கிறேன். அவருக்கு நாளை என்ன அலுவல் என்று ஒருபோதும் கேட்டதில்லை.

செவ்வாயையும் வெள்ளியையும் அவரது நாட்காட்டியில் விடுமுறையாக்கினேன். வாரத்துக்கு மூன்றே நாட்கள். ஒப்புநோக்கல் ஆறரை வாரத்திலிருந்து ஏறத்தாழப் பதினொரு வாரமாக நீண்டது. மலர் முடியும் திகதி செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குச் சென்றது. சிவப்புக் குறி தோன்றியது.

அந்த இரண்டு நாட்களை மீண்டும் வேலை நாட்களாக மாற்ற ஒரு கணம் போதும். குறி மறைந்துவிடும், அவரும் ஒரு கையால் வாசித்துத் தந்துவிடுவார். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை இங்கு மறைக்கப்போவதில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். முதலாம் ஒப்புநோக்கலை இளைஞர் ஒருவரிடம் கொடுக்கலாம், இரண்டாவதை மட்டும் நீங்கள் பாருங்கள் என்றேன்.

"காசைக் குறைச்சாலும் பரவாயில்லை, தம்பி. கடைசிப் படி என்ரை கையாலை போகட்டும்" என்றார்.

காசைக் குறைக்கவில்லை. இளைஞருக்குரிய பணத்துக்காக, வண்ணப் பக்கங்களைப் பதினாறிலிருந்து எட்டாக்கினேன். சங்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். தங்கள் படம் வண்ணத்தில் வரவில்லை என்ற மனக்குறை இன்றுவரை சிலருக்கு உண்டு.

மென்பொருளில் இரு ஒப்புநோக்கல்களுக்கும் இடையிலான இணைப்பை மாற்றினேன். முதலாவது முழுமையாக முடியும்வரை காத்திராமல், அது தொடங்கி மூன்று நாட்களின் பின் இரண்டாவது தொடங்கலாம் என்று அமைத்தேன். திருத்தத்தையும் பகுதி பகுதியாக இடையில் சேர்த்தேன். 16 நாள் வேலை, வாரத்துக்கு மூன்று நாளாக, ஐந்தரை வாரத்துக்குள் அடங்கியது. மலர் முடியும் திகதி ஓகஸ்ட் முதல் வாரத்துக்கே வந்தது. சிவப்புக் குறி மறைந்தது.

விழா குறித்த நாளில் நடைபெற்றது. அவர் முன்வரிசையில் அமர்ந்து, எல்லோரும் உரை கேட்டுக்கொண்டிருக்க, மலரைப் புரட்டிப் பிழை தேடிக்கொண்டிருந்தார். இரண்டு கண்டுபிடித்தார். இரண்டும் வாழ்த்துச் செய்திகளில். அவை கடைசி நேரத்தில் வந்து, அவர் பார்வைக்குப் போகாமலே அச்சேறியவை.

அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

அந்தக் கோப்பை நான் அழிக்கவில்லை. ஒப்புநோக்காளரின் நாட்காட்டியைத் திறந்து பார்த்தேன். செவ்வாயும் வெள்ளியும் இன்னும் விடுமுறையாகவே இருக்கின்றன. திகதி கணிப்பதைக் கணினி செவ்வனே செய்யும்; ஆனால் நாம் சொல்லும் நாட்கள் உண்மையாக இருக்கவேண்டும். அதற்கு முதலில் உரியவரிடம் கேட்கவேண்டும். இருபது ஆண்டுகளாக நான் கேட்காத கேள்வியை ஒரு வெற்றுக் கட்டம் என்னைக் கேட்கவைத்தது.