பிளாட்டினம் வைத்த கார்

பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுதிப் பிழைக்கிறவன் வீட்டில் பிளாட்டினம் ஏது என்பீர்கள். இருக்கிறது சார்! பெட்ரோல் கார் வைத்திருந்தால் உங்களிடமும் இருக்கிறது, காரின் அடிவயிற்றில். பெயர், கேடலிட்டிக் கன்வர்ட்டர்.

உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் லேசாகப் பூசியிருக்கும். எஞ்சின் கக்குகிற கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் பிடித்து, பெருமளவு கரியமில வாயு, நீராவி, நைட்ரஜன் என்று மாற்றி அனுப்பும். 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நாலு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள்.

என்னுடையது 2014 மாடல், செகண்ட் ஹேண்ட். திடீரென்று மேம்பாலம் ஏற மூச்சு வாங்கியது. எஞ்சின் விளக்கு கண்ணடித்தது. பின்னால் அழுகின முட்டை நாற்றம்.

"நாம சுத்த சைவமாச்சேங்க!" என்றாள் மனைவி.

மெக்கானிக் கருவியைச் சொருகிப் பார்த்தார். "கன்வர்ட்டர் போச்சு சார். புதுசு நாப்பதாயிரம் ஆகும்." அப்புறம் ரகசியக் குரலில், "இல்லேன்னா உள்ளே இருக்கறதை இடிச்சு எடுத்துட்டு, வெறும் டப்பாவா மாட்டிடலாம். ஆயிரத்தைந்நூறுதான். அந்தத் தூளை நானே எடுத்துக்கறேன்."

நாற்பதாயிரம் எங்கே, ஆயிரத்தைந்நூறு எங்கே! மனசு ஆடியது. ஆனால் நான் கார் நிறுத்தும் இடத்துக்கு நேர் மேலே ஒரு ஜன்னல். சாயங்காலம் ரிவர்ஸ் எடுக்கும்போது "ஹாய் அங்கிள்" என்று கையாட்டுகிற ஏழு வயசுப் பையன். ஒரு கையில் எப்போதும் இன்ஹேலர். அவன் மூக்குக்கு நேரே இதைத் திறந்துவிடுவதா?

"வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டு, வேறொரு பெரியவரிடம் போனேன்.

"தம்பி, அது ஏன் கெட்டுச்சுன்னு யாராச்சும் பார்த்தாங்களா?" என்றார் அவர். கன்வர்ட்டர் சும்மா சாகாதாம், பெரும்பாலும் கொலைதானாம்! ஒரு சிலிண்டரின் இக்னிஷன் காயில் அவுட். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்துகொண்டிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் பீங்கான் உருகி அடைத்திருக்கும். காயிலை மாற்றாமல் புதுசு போட்டிருந்தாலும் அதற்கும் அதே கதிதான்.

காயில், பிளக், கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். விளக்கு அணைந்தது. வண்டி மறுபடி சைவமானது.

ஆகவே நண்பர்களே, எஞ்சின் விளக்கு கண்ணடித்தால் ரசிக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். 'போச்சு' என்று யாராவது சொன்னால், 'ஏன் போச்சு?' என்று கேளுங்கள். வெறும் டப்பா யோசனை வந்தால், தூளை யார் எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். பிளாட்டினம் விலை தெரிந்தவர் அவர்!