பதிப்பும் தீர்ப்பும்

1930களின் தொடக்கத்தில் வங்காளப் பத்திரிகைகளில் கவிதைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அது எங்கே அச்சாயிற்று என்று பார்க்க வேண்டும். கதையோ கட்டுரையோ பக்கத்தின் முக்கால் பங்கில் முடிந்து, கீழே நாலு விரற்கடை வெள்ளையாக மிஞ்சினால், அந்த அளவுக்குப் பொருந்துகிற கவிதை ஒன்றைத் தேடி எடுத்துப் போடுவார்கள். கவிதை என்றால் இடம் நிரப்பி. தாகூர் உயிரோடு எழுதிக்கொண்டிருந்த ஊரில்தான் இந்த நிலைமை. புத்ததேவ போஸ் (1908–1974) 1935 அக்டோபரில் கல்கத்தாவிலிருந்து 'கவிதா' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். கதை கிடையாது, அரசியல் தலையங்கம் கிடையாது. கவிதையும் கவிதையைப் பற்றிய எழுத்தும் மட்டும். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் கவிஞர், நாவலாசிரியர், நாடகாசிரியர், விமரிசகர், மொழிபெயர்ப்பாளர் என்று அடுக்கிவிட்டுப் பதிப்பாசிரியர் என்பதைக் கடைசியில் ஒட்டவைப்பது வழக்கம். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. விமரிசகர் என்ற முறையில் அவர் செய்த மிகச் சிறந்த காரியம் கட்டுரைகளில் இல்லை, எதை எப்படி அச்சேற்றினார் என்பதில் இருக்கிறது. கட்டுரைகளில் அவர் வழங்கிய தீர்ப்புகளில் பல, காலத்தின் முன் நிற்கவில்லை. அவர் அச்சிட்டவை நின்றன.

கொமில்லாவில் பிறந்த மறுநாளுக்குள் தாயை இழந்தவர். தாத்தா பாட்டி வீட்டில், பின்னால் காந்தியின் நடைப்பயணத்தால் நமக்குத் தெரியவந்த நவகாளியில் வளர்ந்து, டாக்காவில் படித்தார். டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய மாணவராக இருந்தபோதே, 1927இல், நண்பர் அஜித் தத்தாவோடு சேர்ந்து 'பிரகதி' என்ற இதழை நடத்தினார். வயது பத்தொன்பதுகூட நிறையவில்லை. அந்த இதழ்தான் போஸைவிட ஒன்பது வயது மூத்தவரும், பெயர் அதிகம் வெளியே தெரியாதவருமான ஜீவனானந்த தாஸின் கவிதைகளைத் தொடர்ந்து வெளியிட்டது. கல்கத்தாவில் 'சனிபாரேர் சிட்டி' என்ற நையாண்டிப் பத்திரிகை ஜீவனானந்தரின் வரிகளை எடுத்துப்போட்டு எள்ளி நகையாடிக்கொண்டிருந்த காலம் அது. போஸ் பதிலுக்குக் கட்டுரையும் எழுதினார். ஆனால் அவர் தந்த உண்மையான பதில் அடுத்த இதழில் இன்னொரு ஜீவனானந்தர் கவிதை. கேலியை வாதத்தால் வெல்ல முடியாது. கேலிக்கு ஆளானதை மறுபடி மறுபடி கண்முன் வைத்தால், வாசகனின் காது மெல்லப் பழகிவிடும். இந்த உபாயத்தை அவர் அந்த வயதிலேயே கண்டுகொண்டிருந்தார் என்று தோன்றுகிறது.

'கவிதா' அந்த உபாயத்தின் பெரிய வடிவம். முதலில் பிரேமேந்திர மித்ரா இணையாசிரியர். பத்தொன்பது வயது சமர் சென் துணையாசிரியர். முதல் இதழைப் படித்துவிட்டு தாகூர் கடிதம் எழுதினார். அதில் ஜீவனானந்தரின் கவிதையை அதன் சித்திரத் தன்மைக்காகத் தனியே குறிப்பிட்டிருந்தார். இரண்டாம் இதழில் 'வனலதா சென்' வந்தது. இன்று வங்காளத்தில் இதை மனப்பாடமாகச் சொல்லாதவர்கள் அபூர்வம். மூன்றே பத்திகள், பத்திக்கு ஆறு அடிகள், ஆக மொத்தம் பதினெட்டு. ஆயிரமாண்டுகளாக நடந்து களைத்த ஒருவன் பேசுகிறான். சிங்களக் கடலும் மலேயாக் கடலும் பிம்பிசாரனும் அசோகனும் விதர்ப்பமும் வந்து போகிறார்கள். கடைசியில் நாட்டோர் என்ற சாதாரணச் சிற்றூரைச் சேர்ந்த ஒரு பெண். இதன் அடிகள் மிக நீளமானவை, மூச்சை இழுத்து இழுத்து விடுகிறவை. இரட்டைப் பத்தி அமைத்த பத்திரிகையின் காலிடத்தில் இதைத் திணித்தால் அடி ஒவ்வொன்றும் நடுவில் முறிந்து அடுத்த வரியில் தொங்கும். நடையின் களைப்பும் அந்த நீளமும் ஒன்றுதான் என்பது கண்ணுக்குப் படாமலே போகும். முழுப் பக்க அகலமும் சுற்றி வெள்ளையும் இருந்தால்தான் இந்தக் கவிதை கவிதையாகத் தெரியும். ஆக, பக்கத்தை இப்படி அமைப்பது என்ற முடிவே ஒரு விமரிசன முடிவு. இந்தக் கவிதையை இந்த வேகத்தில் படி என்று வாசகனிடம் சொல்லாமல் சொல்வது.

1942இல் அவர் தொடங்கிய மலிவுப் பதிப்பு வரிசையும் இதே ரகம். பைசாவுக்கு ஒன்று என்பது அதன் பெயர். பதினாறு பக்கச் சிறு நூல், விலை பதினாறு பைசா, அன்றைய கணக்கில் நாலணா. 'வனலதா சென்' தொகுதியின் முதல் பதிப்பு இந்த வரிசையில் வந்ததுதான். அதில் இருந்தவை பன்னிரண்டு கவிதைகள், ஆக கறார்க் கணக்குப் போட்டால் பைசாவுக்கு ஒன்று தேறாது. போகட்டும். பத்து ஆண்டு கழித்து சிக்னெட் பிரஸ் அதை விரிவாக்கி, சத்யஜித் ராய் வரைந்த அட்டையோடு வெளியிட்டபோது, அந்தக் கவிதைகளுக்கு வாசகர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ராஷ்பிஹாரி அவென்யூவில் 202 எண்ணுள்ள வாடகை வீட்டுக்கு 'கவிதா பவன்' என்று பெயரிட்டு, அங்கேயே குடும்பமும் பதிப்பகமும் இதழ் அலுவலகமும் அரட்டை மடமுமாக ஏறக்குறைய முப்பது ஆண்டு வாழ்ந்தவருக்கு, கவிதையின் விலையும் தாளின் அகலமும் இலக்கியக் கேள்விகளாகப் பட்டதில் வியப்பில்லை.

இதெல்லாம் நல்ல பதிப்பாசிரியர் செய்கிற வேலை, இதைப் போய் விமரிசனம் என்பானேன் என்று கேட்கலாம். தேர்வு மட்டும் விமரிசனம் ஆகாது. காரணம் சொன்னால்தான் விமரிசனம். சரியான ஆட்சேபம்தான். போஸ் காரணம் சொல்லாமலும் இல்லை. 1946இல் வந்த 'காலேர் புதுல்' நூலில் சமகாலத்தவர்களான ஜீவனானந்தர், சுதீந்திரநாத் தத்தா, விஷ்ணு டே, அமிய சக்ரவர்த்தி ஆகியோரை ஒவ்வொருவராக எடுத்துப் பேசுகிறார். ஆனால் தேர்வுக்குப் பின்னால் ரசனையைத் தவிர ஒரு கொள்கையும் இருந்ததா என்பதற்கு நான் காட்டும் சான்று வேறு. 1940இல் கவிதா பவன் இரண்டு நூல்களை வெளியிட்டது. ஒன்று, சுபாஷ் முகோபாத்யாய என்ற இருபத்தொரு வயது கம்யூனிஸ்டின் முதல் தொகுதி 'பதாதிக்'. போஸுக்கு அந்த அரசியல் ஒத்துவராது. இருந்தும் அச்சிட்டார், பாராட்டி மதிப்புரையும் எழுதினார். மற்றொன்று, அபூ சயீத் அய்யூபும் ஹீரேந்திரநாத் முகோபாத்யாயவும் தொகுத்த நவீன வங்கக் கவிதைத் திரட்டு. தொகுப்பாளர்களில் ஒருவர் அழகியல்வாதி, மற்றவர் மார்க்சியர். இருவரும் ஒரே முன்னுரைக்கு ஒத்துவராமல் ஆளுக்கொரு முன்னுரை எழுத, இரண்டும் ஒரே நூலில் அச்சாயின. ஒரு பதிப்பகம் தன் நூலுக்குள்ளேயே சண்டையைத் தைத்துக் கொடுப்பதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. கவிதை முதலில் கண்முன் இருக்கட்டும், அதைப் பற்றிய முடிவு பிறகு வரட்டும் என்பது அவர் கொள்கை. 1938இல் தாகூர் தொகுத்த வங்கக் கவிதைத் திரட்டைத் தன் இதழில் அவர் கடுமையாகச் சாடியதும் இதன் மறுபக்கம்தான். தாகூரிடம் அவருக்கு இருந்த பக்தி கொஞ்சநஞ்சமல்ல. சாந்திநிகேதனில் அவரோடு இருந்த நாட்களைப் பற்றி 1941இல் ஒரு தனி நூலே எழுதினார். ஆனால் திரட்டு என்பது தேர்வு. தேர்வில் பெரியவர் சிறியவர் கிடையாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஜீவனானந்தரைப் பற்றியது. அவரை உலகுக்குக் காட்டியவரே அவரை ஒரு சட்டத்துக்குள் அடைத்தும் விட்டார். இயற்கையின் கவிஞர், நம் கவிஞர்களிலேயே மிகவும் தனித்திருப்பவர் என்று போஸ் கொடுத்த அடைமொழி பள்ளிப் பாடநூல் வரை பரவிற்று. 1940களில் ஜீவனானந்தர் போரையும் கலவரத்தையும் நகரத்தின் அழுகலையும் வறண்ட, முறுக்கேறிய மொழியில் எழுதத் தொடங்கியபோது போஸுக்கு அது பிடிக்கவில்லை. கவிஞர் தன் இயல்பை விட்டு விலகுகிறார் என்று எழுதினார். 'தூசர் பாண்டுலிபி' தொகுதியைத் தனக்கே காணிக்கையாக்கிய கவிஞரைப் பற்றி இப்படி எழுதுவதற்கு நேர்மை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்ப்பு தவறு. இன்றைக்கு அந்தப் பிற்காலக் கவிதைகள்தான் இளைய வாசகர்களை அதிகம் இழுக்கின்றன. ஜீவனானந்தரே 1954இல் வெளியான தன் தேர்ந்த கவிதைகளின் முன்னுரையில், தன்மேல் ஒட்டப்பட்ட முத்திரைகள் ஒவ்வொன்றும் ஓரளவே பொருந்தும் என்று மெதுவாக விலகிக்கொள்கிறார். அதே ஆண்டு அக்டோபரில் டிராம் மோதி அவர் இறந்தார். 'கவிதா' அவருக்குச் சிறப்பிதழ் வெளியிட்டது. இந்த விவகாரம் என் கட்சிக்கு எதிரானது என்று நான் நினைக்கவில்லை. அடைமொழி பிழையானதைக் கண்டுபிடிக்க முடிந்ததே, கவிதைகள் அச்சில் கிடைத்ததால்தான். வெறும் கட்டுரையாளராக மட்டும் அவர் இருந்திருந்தால் அவர் சொல்லே கடைசிச் சொல்லாகி நிலைத்திருக்கும்.

மேற்கத்திய மோகம் என்ற குற்றச்சாட்டுக்கும் வருவோம். 1943 பஞ்சத்தில் வங்காளத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் செத்தார்கள். போஸ் சொல்லழகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், பிறகு போதலேரை மொழிபெயர்க்கப் போய்விட்டார் என்பது இடதுசாரிகள் பலகாலமாகச் சொல்லிவருவது. பாசிச எதிர்ப்பு எழுத்தாளர் அமைப்பில் 1942இல் சேர்ந்தவர்தான் அவர், பின்னர் விலகினார். பஞ்சத்தின் அளவுக்கு ஈடு நிற்கிற கவிதை அவரிடம் பிறக்கவில்லை என்பது மெய், அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் மோகம் என்ற சொல் பொருந்தாது. போதலேர் 1961இல் வந்தது. அதற்கு நாலு ஆண்டு முன்னால், 1957இல், காளிதாசனின் 'மேகதூதம்' வந்துவிட்டது. பின்னால் ஹோல்டர்லின், ரில்கே. மேகதூதத்துக்கு அவர் எழுதிய நீண்ட முன்னுரை பண்டிதர்களை உறுத்தியது. சமஸ்கிருதக் கவிதை நமக்குத் தாய்வீடு என்று பாவனை பண்ணவேண்டாம், அது தூரத்துச் செல்வம், அந்தத் தூரத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளே நுழைய முடியும் என்பது அதன் சாரம். காளிதாசனை அவர் போதலேரின் கண்ணாடியோடு படிக்கிறார் என்று குறை சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் இருவரிடமும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: இன்று வங்க மொழியில் எழுதுகிறவனுக்கு இதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? 1956இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் ஒப்பிலக்கியத் துறையை நிறுவியதும் இந்தக் கேள்விக்கு ஒரு கட்டடம் கட்டியதுதான். சுதீந்திரநாத் தத்தாவை அங்கே பாடம் நடத்த வைத்தார். 1963இல் துறையை விட்டு வெளியேறினார், துறை நிலைத்தது.

தவறான தீர்ப்பு எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. ஸ்டீபன் ஸ்பெண்டரும் டொனால்ட் ஹாலும் பதிப்பித்து 1963இல் வந்த ஆங்கிலக் கவிஞர் கலைக்களஞ்சியத்தில், இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதும் கவிதை எங்கும் போய்ச் சேராத முட்டுச்சந்து என்ற பொருளில் போஸ் ஒரு குறிப்பு எழுதினார். 1948இல் 'அன் ஏக்கர் ஆஃப் கிரீன் கிராஸ்' என்று ஆங்கிலத்திலேயே வங்க இலக்கிய விமரிசனம் எழுதியவரின் வாயிலிருந்து இது வந்தது. அதே கல்கத்தாவில் 'ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப்' நடத்திவந்த பி. லால் கொதித்துப்போய், அந்தக் குறிப்பை முன்வைத்துக் கவிஞர்களிடம் கேள்விப்பட்டியல் அனுப்பி, பதில்களையும் கவிதைகளையும் சேர்த்து 1969இல் பெரிய திரட்டொன்றைக் கொண்டுவந்தார். அடித்துச் சொன்ன தவறு ஒரு நூலுக்கு வித்திட்டது. பட்டும் படாமலும் சொல்கிற நடுநிலை விமரிசனத்தால் இது நடந்திருக்காது.

இத்தனை பேரைச் சுமந்ததில் அவருடைய சொந்தக் கவிதை நசுங்கிப்போயிற்றா? நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதியவரைப் பார்த்து நேரம் கிடைக்கவில்லை என்று பரிதாபப்பட முடியாது. அதிகம் எழுதினார் என்பதுதான் என் குறை. 'ராத் பொரே பிருஷ்டி' நாவல்மேல் ஆபாச வழக்கு நடந்து, கீழ் நீதிமன்றத்தில் தோற்று, 1973இல் உயர் நீதிமன்றத்தில் வென்றது பேச்சுரிமை வரலாற்றில் முக்கியம். நாவல் அந்த அளவுக்கு முக்கியமில்லை. கவிதையில், 1930இன் 'பந்தீர் பந்தனா' இளமையின் உடல் தவிப்பை உரக்கச் சொன்னது. 1958இல் வந்த தொகுதிக்கு வெளிச்சத்தைவிட மிகுந்த இருள் என்று தலைப்பு. அதில் சொற்கள் இறுகிவிட்டன, உரத்த குரல் இல்லை. இடையில் என்ன நடந்தது? பிறருடைய கவிதைகளை இருபது ஆண்டுக்கு மேல் ஒற்றெழுத்து விடாமல் படித்துத் திருத்தியதும், போதலேரின் ஒரு சொல்லுக்கு வங்கச் சொல் தேடித் திண்டாடியதும் நடந்தன. பதிப்பு வேலை அவரைத் தின்றது என்பதைவிட, தாமதமாகக் கவிஞராக்கியது என்பதே சரி என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு நூல் என் வாதத்தோடு இடிக்கிறது. 1974இல், அவர் மார்ச் 18 அன்று இறந்த அதே ஆண்டில், நூலாக வந்த 'மகாபாரதேர் கதா'. கண்ணனும் அர்ச்சுனனும் இருக்க, யுதிஷ்டிரனைத்தான் காவியத்தின் மையம் என்கிறார். சூதில் தோற்றவன், போர்க்களத்தில் பொய் சொன்னவன், வென்ற பிறகும் வெற்றி கசந்தவன், கடைசியில் நாயோடு மலையேறியவன். வீரம் குறைந்தவன் என்று நாம் ஓரமாக நிறுத்தியவனை எடுத்து, காட்சி காட்சியாக நடந்து, கேள்வி கேட்டே வளர்ந்த ஒரே பாத்திரம் இவன்தான் என்று நிறுவுகிறார். வியாசரை அச்சேற்ற ஆள் தேவையில்லை, கேலியிலிருந்து காப்பாற்றவும் தேவையில்லை. இங்கே அவர் கையில் இதழும் இல்லை, பதிப்பகமும் இல்லை. தீர்ப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அந்தத் தீர்ப்பை மறுத்து எழுத எனக்கு இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.